ஏழு பலகை

கால் குட்டை, வாய் நீளம் என்று என்னைப் பற்றி என் அண்ணன் சொல்வார். இரண்டும் உண்மை. அதனால் இந்தக் கதையை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் பாவம் பார்த்து என்னை நல்லவளாக்கிவிடுவார்கள்.

கதை என்னுடையதல்ல, அண்ணனுடையது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சலவைக் கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே ஒரு பட்டறை இருக்கிறது. உள்ளே போனால் தோலும் பசையும் மரத்தூளும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். அங்கே முப்பத்தொரு வருஷமாகக் கால் சரியில்லாதவர்களுக்கு ஷூவும் காலிப்பரும் செய்கிறார். காலிப்பர் என்பது பலமில்லாத காலுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற இரும்புச் சட்டம். முழங்காலில் ஒரு பூட்டு, மேலும் கீழும் தோல் வார். ஷூ என்னைப் போன்றவர்களுக்கு. மூன்று வயதில் என் இடது இடுப்பு மூட்டில் சீழ் பிடித்தது. பிழைத்துக்கொண்டேன். அந்தக் கால் மட்டும் மற்றதோடு சேர்ந்து வளரவில்லை.

அண்ணன் முதலில் டயர்க் கடையில் இருந்தவர். எனக்குப் பதினைந்து வயதில் அந்தப் பட்டறைக்கு அழைத்துப்போய் முதல் ஷூ செய்யச் சொன்னார். ஷூ வந்தது. போட்டு நான்கு அடி நடந்தேன். "உயரம் பத்தலை" என்றார் அண்ணன். அங்கிருந்த மேஸ்திரிக்குக் கோபம். "தெரிஞ்ச மாதிரி பேசுறியே, நீயே வந்து செய்யேன்" என்றார். இவரும் மறுநாளே போய் நின்றுவிட்டார். அப்படிப்பட்ட மனுஷன்.

அவர் அளக்கிற விதத்தைச் சொன்னால்தான் மீதி புரியும். அரை சென்டிமீட்டர் கனத்தில் சின்னச் சின்ன மரப்பலகைகள் செய்து வைத்திருக்கிறார். வந்தவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார். பின்னால் மண்டியிட்டு, இரண்டு இடுப்பெலும்பின் மேலும் கைகளை வைத்து, கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவருவார். குட்டைக் காலுக்கு அடியில் ஒரு பலகை. பார்ப்பார். இன்னொரு பலகை. இடுப்பு மட்டமாகும்வரை பேச மாட்டார். மட்டமானதும் எண்ணைச் சொல்வார். எனக்கு ஏழு பலகை. இருபத்தைந்து வருஷமாக மாறாத ஏழு. ஷூவின் அடியில் தக்கையை அடுக்கி, தோல் சுற்றி, பார்த்தால் தெரியாதபடி முடித்துக் கொடுப்பார். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தபால் நிலையக் கவுண்டரில் நாள் முழுக்க நிற்பேன். ஒரு பயலும் என்னை நொண்டி என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு முத்திரை வேறிடத்தில் விழுந்திருக்கும்.

அண்ணி இறந்துபோன பிறகு நாங்கள் இருவரும்தான், இரண்டு அறை வீடு. காலை ஐந்தரைப் பூசை, மாலை ஆறுக்குச் செபமாலை. கடவுள் என்று சொல்ல மாட்டார். பழைய ஆட்களைப் போல சர்வேசுரன் என்பார். கோயிலில் கடைசி பெஞ்சுதான் அவர் இடம். நற்கருணை அப்பம் இருக்கும் பேழைக்கு முன் ஒற்றைக் காலை மடக்கி வணங்கும்போது முழங்கால் தரையைத் தொட்டாக வேண்டும். பாதியில் எழுபவர்களைப் பார்த்தால் ஷூவின் தையல் விட்டதைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக இளம் பாதிரியார் வந்தார்; நாங்கள் சாமி என்போம். நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதிப் பெஞ்சு காலியாக இருந்தது அவரைத் தின்றது. ஜெபக்குழுத் தலைவி அவரிடம் போய், மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்குக் குணமளிக்கும் வழிபாடு வைக்கலாம் என்றாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். பேசினால் யாரும் மறுக்க முடியாது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார், குருவானவர் அல்ல, குடும்பஸ்தர். அடேயப்பா, என்ன கூட்டம்! பீடத்தின் படியில் டிரம்ஸ், பெஞ்சுக்குப் பெஞ்சு எண்ணெய்ப் புட்டி, கைதட்டல், ஆவி இறங்கியதாக ஒவ்வொருவராகப் பின்னால் சாய்ந்து விழுதல். அவர்களைத் தாங்கிப் பிடிக்கவே நான்கு பேர்.

அண்ணன் முதல் தடவை போய்க் கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்.

"ஏன் வந்துட்டீங்க?" என்றேன்.

"எல்லாரும் நற்கருணைக்கு முதுகு காட்டி அந்த மனுஷனையே பாக்குறாங்க பாப்பா. அங்க நமக்கு என்ன வேலை?"

நாற்பத்தாறு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

"அப்போ அற்புதம், புதுமை எதுவும் நடக்காதுங்கிறீங்களா?"

"நடக்காதுன்னு நான் எப்படிச் சொல்வேன்? சர்வேசுரன் நினைச்சா இந்த நிமிஷம் நடக்கும். ஆனா திருச்சபை ஒரு புதுமையை ஒத்துக்க வருஷக்கணக்கா டாக்டருங்களை வச்சுப் பாக்குது. இவங்க ரெண்டு பாட்டுக்குள்ள முடிச்சுடறாங்க. நாளைக்கு இல்லைன்னு ஆயிட்டா யாரு பேர் கெடும்? சர்வேசுரன் பேர்தானே?"

எனக்கு எரிச்சலாக வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவர் நியாயமாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல். உங்களுக்கு இரண்டு காலும் சமம், நீங்கள் பேசலாம் என்று முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்தது. அடுத்த மாதம் நான் கிளம்பியபோது தடுக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துப்போனாள். நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஷூவைக் கழற்றினார்கள். பிரசங்கியார் என் இரண்டு குதிகால்களையும் உள்ளங்கையில் ஏந்தி நீட்டிப் பிடித்தார். "பாருங்க, எவ்வளவு வித்தியாசம்!" என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு கண்ணை மூடி ஜெபித்தார். அவர் நடிக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பக்கத்தில் பார்த்தேன். என் கால் சூடானது. குனிந்து பார்த்தால் இரண்டு குதிகாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே மட்டத்தில் இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"எழுந்து நடங்க சகோதரி!"

நடந்தேன். முதல் அடி வைத்தேன், இரண்டாவது வைத்தேன். மூன்றாவதில் இடுப்பு பழையபடி இடப்பக்கம் இறங்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டீர்களா, எனக்கு அப்போதே தெரியும். ஆனால் எண்ணூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்காக யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை. மைக் வாயருகே வந்தது.

"கால் சமமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"வலி?"

"இல்லை."

இடுப்பில் சுரீரென்று குத்தியது. "இல்லை" என்றே சொன்னேன். ஷூ இரண்டையும் பீடத்தடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

"ஷூ எங்க பாப்பா?"

"பீடத்துல வச்சுட்டேன். கால் வளந்துடுச்சு அண்ணே."

திட்டுவார், சிரிப்பார் என்று நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் முகம் அப்படியே இளகிப்போனது. "சர்வேசுரா" என்று தரையில் மண்டியிட்டார். பிறகு எழுந்து ஓட்டமும் நடையுமாக உள்ளே போய்ப் பலகைப் பெட்டியை எடுத்துவந்தார். "நில்லு பாப்பா, நில்லு. ஒரு தடவை பாத்துட்டு ரெண்டு பேருமா போய் நன்றி சொல்லலாம்." பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திறக்கப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் என்னைவிட அவர்தான் அதிகமாக நம்பினார்.

"அளக்க வேணாம்" என்றேன்.

"ஏம்மா?"

"அளந்தா சந்தேகப்படுறதா அர்த்தம். சந்தேகப்பட்டா வரம் திரும்பிப் போயிடும்னு சொல்லியிருக்காங்க."

அவர் என்னையே பார்த்தார். "சர்வேசுரன் குடுத்திருந்தா என் பலகைக்கெல்லாம் பயப்பட மாட்டார், பாப்பா."

"உங்களுக்குப் பொறாமை! நான் ஷூ போடலைன்னா உங்க பிழைப்பு போயிடும்னு பயம்!"

என் வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேன். அவர் பெட்டியை மூடி, பரணில் வைத்துவிட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஊமைகள் போல இருந்தோம். "சாப்பாடு இருக்கு." "சரி." அவ்வளவுதான்.

கோயிலில் நான் பெரிய மனுஷி ஆனேன். சாட்சி அக்கா என்று பெயர். முன் பெஞ்சில் இடம், அடுத்த வழிபாட்டில் மைக். ஒரு தடவை சொன்ன பொய்யை இரண்டாவது தடவை சொல்லும்போது அதற்குக் கை கால் முளைத்துவிடுகிறது. சூடு பரவியது, எலும்பு நீண்டது, சத்தம் கேட்டது என்றெல்லாம் சொன்னேன். ஏன் சாய்ந்து நடக்கிறேன் என்று யாராவது கேட்டால், "நாப்பது வருஷப் பழக்கம், போகப் போகச் சரியாயிடும்" என்று கணக்கு டீச்சர் முந்திக்கொள்வாள். ராத்திரி இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் படுத்திருப்பேன்.

ஷூவைப் பீடத்தடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள், எல்லோரும் பார்க்க. அண்ணன் நற்கருணை வாங்கப் போகும்போதெல்லாம் தன் கையால் செய்த ஷூவுக்கு முன்னால்தான் மண்டியிடவேண்டியிருந்தது. ஒரு நாள் பூசை முடிந்து எல்லோரும் போனபின், அந்தப் பெட்டியின் மேலிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.

ஐந்து மாதம் போனது. ஒரு நாள் மாலை அண்ணன் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"சலவைக் கூடத்துல இஸ்திரி போடுறாளே, அந்தப் பொண்ணைத் தெரியுமில்ல?"

தெரியும். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். பிறவியிலேயே வலது கால் பலமில்லாதது. அண்ணன்தான் காலிப்பர் செய்து கொடுத்திருந்தார். வாயாடிப் பிள்ளை, பள்ளி விட்டால் பட்டறையில் வந்து உட்கார்ந்து அண்ணனை ஓட்டிக்கொண்டிருக்கும்.

"பிள்ளை வளருது. நாலு மாசத்துக்கு ஒரு தடவை கம்பியை நீட்டணும். தேதி தாண்டிப் போச்சு, வரவே இல்லை. அவ என்னைக் கண்டா ஒதுங்கிப் போறா. இன்னைக்கு வழி மறிச்சுக் கேட்டேன். காலிப்பரைக் கழட்டியாச்சாம்."

"எப்போ?"

"நீ ரெண்டாவது தடவை சாட்சி சொன்னியே, அன்னைக்கு." குரலை உயர்த்தவேயில்லை. "உங்க தங்கச்சியே ஷூவைக் கழட்டிட்டாங்க, இவ்வளவு நாள் நீங்க செஞ்ச ஷூவை அவங்களே வேணாம்னுட்டாங்க, நான் மட்டும் ஏன் இரும்பைக் கட்டிவிடணும்னு கேக்குறா. பிள்ளைக்கு முழங்கால் மடங்கிப் போச்சு பாப்பா. இப்போ நீட்ட வரலை. ஆபரேஷன் பண்ணணும்கிறார் டாக்டர்."

என் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நான் உன்னை அளக்க வரலை. உன் காலு, உன் மனசாட்சி. ஆனா அந்தப் பிள்ளை உன் சாட்சியைக் கேட்டுத்தானே கழட்டினது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் தபால் நிலையத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, மத்தியானம் பட்டறைக்குப் போனேன். அண்ணன் யாருடைய ஷூவுக்கோ தக்கையை ராவிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். ராவுகிற சத்தம் நின்றது. பின்னால் அவர் மண்டியிடுவது கேட்டது. இடுப்பின் இரண்டு பக்கமும் அந்தக் கைகள். ஒரு பலகை வந்தது, இரண்டு வந்தது. நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழாவது வந்தது. கையை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. எட்டாவது பலகையை வைத்தார்.

"எட்டு" என்றார். "மூட்டு தேஞ்சிருக்கு."

சுவரில் முகத்தை வைத்து அழுதேன். "என்னைத் திட்டுங்க அண்ணே. நாலு வார்த்தை திட்டுங்க."

"திட்டினா பலகை குறையுமா?" அலமாரியைத் திறந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து வைத்தார். புத்தம் புதியது; தோல்கூட மடங்கவில்லை. நான் வெறுங்காலோடு வந்த அதே வாரம் செய்தது என்று பின்னால்தான் தெரிந்தது. "இது ஏழுக்குச் செஞ்சது. இன்னும் ஒரு அடுக்கு ஒட்டித் தர்றேன். சாயங்காலம் வரைக்கும் நடக்காம உக்காரு."

உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன், அன்றைக்கு எப்படிச் சமமாகத் தெரிந்தது என்று. என்னை ஸ்டூலில் உட்காரவைத்துக் குதிகால்களைப் பிடித்து, லேசாகத் தன் பக்கம் இழுத்தார். இடுப்பு ஒரு விரல்கடை நகர்ந்தது. இரண்டு குதிகாலும் தொட்டுக்கொண்டன. "அவர் தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டார். உக்காந்தவங்க காலை இழுத்தா இப்படித்தான் ஆகும். அதுக்குத்தான் நிக்க வச்சுப் பாக்கிறது" என்றார்.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் இளம் சாமி. எல்லாவற்றையும் சொன்னேன். "கூட்டத்தைப் பாத்து சந்தோஷத்துல நானும் விசாரிக்காம விட்டேன்மா" என்றார். "பொய்ச்சாட்சியைச் சொன்ன இடத்துலயே திருத்தணும். நீங்க பேச நான் ஏற்பாடு பண்றேன்."

அன்று மூன்று மணி வழிபாட்டில் அதே பீடம், அதே கூட்டம். புது ஷூவோடு ஏறினேன். "என் கால் வளரலை. மூணாவது அடியிலேயே எனக்குத் தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னேன். என்னை நம்பி மருந்தை, ஊன்றுகோலை, காலிப்பரை விட்டவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு திரும்ப எடுத்துக்குங்க" என்றேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. சாத்தான் என்னைச் சோதித்துவிட்டான் என்று சொல்லிவிட்டுக் கணக்கு டீச்சர் உடனே ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். பிரசங்கியார் மட்டும் பாடவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த மாதம் அவர் வரவில்லை. சாமியும் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. வழியில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும்.

கடைசி பெஞ்சில் அண்ணன் இருந்தார். ஷூ இருந்த கண்ணாடிப் பெட்டியை மறுநாள் சாமியே எடுத்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, இரண்டு மாதம் கழித்து இஸ்திரிக்காரி மகளைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வருவேன் என்று அண்ணன் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். அவள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றாள். அண்ணன் புதுக் காலிப்பரைக் கட்ட ஆரம்பித்தார். முன்பு முழங்காலுக்குப் பூட்டு ஒன்றுதான். இப்போது இடுப்புவரை பட்டையும் வேண்டியிருந்தது. பழைய வாயாடித்தனத்தைக் காணோம். பிள்ளை என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை, உங்க கால் வளந்துச்சே. ஏன் திரும்பவும் குட்டையாச்சு?"

எண்ணூறு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். இந்த ஒரு பிள்ளையிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தார். நான் பிள்ளையின் எதிரில், இடுப்பு வலிக்க, தரையில் உட்கார்ந்தேன்.

"வளரவே இல்லம்மா. அத்தை பொய் சொன்னேன்."

பிள்ளை யோசித்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"அப்போ எனக்கு விசுவாசம் கம்மி, அதான் கால் சரியாகலைன்னு கோயில்ல சொன்னாங்களே, அது?"

அண்ணனின் கை நின்றுவிட்டது. கதவருகே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கம்மியே இல்லடா கண்ணு" என்றேன். "அங்க இருந்த எங்க எல்லாரையும்விட உனக்குத்தான் நிறைய இருந்துச்சு."

பிள்ளை என் முகத்தை உற்றுப் பார்த்தது. இதுவும் பொய்யோ என்று பார்த்தது. எனக்கு அது வேண்டியதுதான். அண்ணன் பூட்டை மாட்டிவிட்டு, "எங்க, எழுந்து நில்லு பாக்கலாம்" என்று தன் இரண்டு கைகளையும் நீட்டினார். அது என்னை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.